பழைய காரின் அடிச்சட்டம்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

ஜார்ஜ்டவுன் – விற்க மனம் வராமலும், சாலையில் இறக்கத் துணியாமலும் வீட்டு முகப்பில் துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் பழைய கார்களைப் பினாங்கில் இன்றும் காணலாம். பெரும்பாலும் அது அப்பாவோ தாத்தாவோ வாங்கிய வண்டியாக இருக்கும். அக்காவின் திருமணத்துக்குப் போனதும் அதில்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனதும் அதில்தான். ஒருநாள் பட்டறையில் அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்கும் மெக்கானிக், "சேசிஸ் போய்விட்டது" என்கிறார். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பணம், பாதுகாப்பு, சட்டம், குடும்ப நினைவு ஆகிய நான்கும் இருக்கின்றன.

சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைப் பழுதுபார்ப்பதா, முழுமையாக மாற்றுவதா என்ற கேள்விக்கு எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது தெரிந்தால், தவறான முடிவுக்குப் பணத்தை இழக்காமல் இருக்கலாம்.

முதலில் தெரிய வேண்டியது: உங்கள் காருக்கு அடிச்சட்டம் உண்டா?

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இதுவே முதல் கேள்வி. பழைய கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏணி போன்றோ முதுகெலும்பு போன்றோ தனியாக ஒரு சட்டம் இருந்து, அதன்மேல் உடல் பூட்டப்பட்டது. மற்றொன்று, உடலும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்ட ஒற்றைக் கூடு.

1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர் முதல் வகை. அலுமினிய உடல், அடியில் எஃகு ஏணிச் சட்டம். உடல் துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருக்கும். அடியில் எஃகு கரைந்துகொண்டிருக்கும். வோக்ஸ்வேகன் பீட்டிலும் உடல் தனியாகக் கழலும் வண்டிதான். நடுவில் ஒரு குழல் முதுகெலும்பு, இரு பக்கமும் தரைத் தகடுகள்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்ட் காரை அடிப்படையாகக் கொண்டது. உலகம் ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்திலும் அது தனிச் சட்டத்தோடு வந்தது. அதற்கு உடல் தகடுகள் செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டதே காரணம். ஆகவே பகுதி பகுதியாகச் செய்து, சட்டத்தின்மேல் பூட்டும் முறையில் அது வடிவமைக்கப்பட்டது.

அதே 1948இல் அறிமுகமாகி, நம் நாட்டுச் சாலைகளிலும் பெருமளவில் ஓடிய மோரிஸ் மைனர் இரண்டாம் வகை. இந்தியாவின் அம்பாசிடர், மெர்சிடிஸ் டபிள்யூ123 ஆகியவையும் அப்படியே. இவற்றில் "சேசிஸைக் கழற்றி மாற்றுவது" என்ற வேலையே கிடையாது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதிய பகுதியைப் பற்றவைக்கலாம். இல்லையென்றால் கூடு முழுவதையும் மாற்ற வேண்டும். எம்ஜிபி போன்ற சில கார்களுக்கு 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய கூடுகள் பிரிட்டனில் தயாரிக்கப்பட்டன. எல்லாக் கார்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

தீவின் காற்றும் வெள்ளமும்

பினாங்கில் அடிச்சட்டத்தின் முதல் எதிரி மோதல் அல்ல, துரு. ஆண்டு முழுவதும் ஈரப்பதம், சுற்றிலும் கடல். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கு வந்து போன ஒவ்வொரு காரும் பெர்ரியில் உப்புக்காற்று வாங்கியே கடந்தது. 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெளியே துடைத்துக் காயவைத்தாலும், மூடிய பெட்டிச் சட்டங்களுக்குள் புகுந்த சேறு ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அத்தகைய கார்களில் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வண்ணம் கொப்புளிப்பது கண்ணில் படும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் காருக்குக் கார் மாறும். மோரிஸ் மைனரில் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக் வைக்கும் இடங்கள், பின்புறப் பட்டை ஸ்பிரிங் பூட்டும் இடங்கள். பீட்டிலில் பின் இருக்கைக்கு அடியில் பேட்டரி வைக்கும் தரை, முன் சக்கரங்களைத் தாங்கும் தலைப்பகுதி. லேண்ட் ரோவரில் பின்புறக் குறுக்குச் சட்டம், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள்.

சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் அது உள்ளே போகக் கூடாது. ஒரு காந்தமும் உதவும். புட்டி அடைத்து வண்ணம் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அடியில் புதிதாகக் கருப்புத் தார்ப்பூச்சு கண்டால் மகிழ்ச்சி அடைவதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது.

சட்டம் வளைந்திருக்கிறதா?

துருவோடு சேர்த்து அளவையும் பார்க்க வேண்டும். முன்பு எப்போதோ மோதிய கார், தட்டிச் சாயம் பூசப்பட்டு அழகாக நிற்கலாம். ஆனால் ஒரு பக்கக் கதவின் இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். டயர்கள் ஒரு பக்கமாகத் தேயும். சக்கரங்களை எத்தனை முறை நேர்செய்தாலும் நிற்காது. பின்னால் வருபவருக்கு அந்தக் கார் நண்டைப்போல் சற்றுச் சாய்ந்து நகர்வது தெரியும்.

இதை அளக்கும் முறை கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். சமதரையில் காரை நிறுத்தி, சட்டத்தில் இரு பக்கமும் ஒத்த இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிறகு காரை நகர்த்திவிட்டு, புள்ளிகளைக் குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வேறுபாடு இருந்தால், அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுகளோடு ஒப்பிட வேண்டும். மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டிருப்பதை இந்த முறை காட்டாது. அதற்குத் தரையிலிருந்து உயரத்தையும் அளக்க வேண்டும்.

பழுதுபார்ப்பது எப்போது போதும்?

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரானது. கடைவீடுகளைப் புதுப்பிப்போர் பின்பற்ற வேண்டிய நெறி ஒன்று உண்டு: தேவையான அளவு செய், ஆனால் முடிந்த அளவு குறைவாகச் செய். உத்தரத்தின் ஒரு முனை உளுத்துப்போனால் அந்த முனையை மட்டும் வெட்டி, நல்ல மரத்தைப் பொருத்துவார்கள். பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்திலும் இதே சிந்தனை இருக்கிறது. பழைய பொருளை இயன்றவரை காப்பாற்றுவதும், செய்த வேலையை எழுதி வைப்பதும் அதன் சாரம்.

காருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், சட்டம் நேராக இருந்து, துரு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்து, சுற்றியுள்ள எஃகு கனமாக இருந்தால் பழுதுபார்ப்பதே சரி. ஆனால் "பழுதுபார்ப்பது" என்றால் ஓட்டைமேல் தகடு வைத்து மூடுவது அல்ல. துருவின்மேல் ஒட்டிய தகடு, உள்ளே ஈரத்தைச் சிறைவைத்துத் துருவை விரைவுபடுத்தும். நல்ல எஃகு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள எஃகைத் தொடர்ச்சியாகப் பற்றவைக்க வேண்டும்.

ஒற்றைக் கூட்டுக் காரில் கதவடிப் பெட்டியை வெட்டுவதற்கு முன், கதவு வாயிலில் குறுக்குக் கம்பிகள் கொடுத்துக் கூட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியவுடன் கார் நடுவில் தொய்ந்துவிடும். பற்றவைத்த பிறகு கதவு மூடாது. ஏணிச் சட்டத்தில் விரிசல் கண்டால், விரிசலின் முனையில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். மேலே வலுவூட்டும் தகட்டின் முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சதுரமாக முடியும் தகட்டின் ஓரத்தில் அழுத்தம் குவிந்து, அடுத்த விரிசல் அங்கேயே தொடங்கும். வேலை முடிந்ததும் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுப் பூச்சு செலுத்தாவிட்டால், நம் காற்றில் செலவெல்லாம் வீண்.

மாற்றுவது எப்போது?

முதன்மைச் சட்டங்களில் பல இடங்களில் ஓட்டை, ஒட்டுமேல் ஒட்டு, முறுக்கிக்கொண்ட சட்டம் – இவற்றில் இரண்டு சேர்ந்தால் மாற்றுவதே மலிவாகிவிடும். பழுதுபார்ப்பில் செலவைத் தின்பது இரும்பு அல்ல, கூலி நேரம். வெட்ட வெட்டக் கெட்ட பகுதி நீளும்போது, முதலில் சொன்ன தொகை இரு மடங்காகலாம். லேண்ட் ரோவருக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த புதிய சட்டங்கள் பிரிட்டனில் தயாராகின்றன. விலை, கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், துருவுக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். பீட்டிலில் நடுக்குழலை வைத்துக்கொண்டு இரு பக்கத் தரைத் தகடுகளை மட்டும் மாற்றலாம். சேசிஸ் எண் அந்தக் குழலில்தான் பதிந்திருக்கிறது என்பதால், இது பணத்தையும் அடையாளத்தையும் ஒருசேரக் காக்கும் வழி.

எண் இல்லையென்றால் கார் இல்லை

சட்டத்தின் பார்வையில் ஒரு காரின் அடையாளம் அதன் சேசிஸ் எண். உரிமை மாற்றத்தின்போது சோதனை நிலையம் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. வெட்டி ஒட்டிய தடயமும் அங்கே கவனிக்கப்படும். ஆகவே சட்டத்தை மாற்றுவதற்கு முன்பே ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி பெற வேண்டும். பழைய எண்ணை வெட்டியெடுத்துப் புதிய சட்டத்தில் ஒட்டுவதோ, தானே எண்ணைப் பொறித்துக்கொள்வதோ கூடாது. நல்ல நோக்கத்தில் செய்தாலும், திருட்டுக் காருக்கு எண் மாற்றுவோர் செய்வதும் அதையேதான். அதிகாரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிரிட்டனில் நீண்டகாலம் பின்பற்றப்பட்ட புள்ளி முறை, சட்டத்தின் எடையை நன்றாகக் காட்டுகிறது. பெரிதும் மாற்றப்பட்ட கார் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் வேண்டும். அடிச்சட்டத்துக்கு மட்டும் 5 புள்ளிகள். எஞ்சினுக்கு 1 புள்ளிதான்.

நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' கார், 1932இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி மீண்டும் கட்டப்பட்டது. பின்னாளில் 1 கோடி பவுண்ட் விலை பேசிய தரப்பு, இது அசல் கார் அல்ல என்று பின்வாங்கியது. வெற்றி பெற்ற காரின் பாகங்கள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆனாலும் கார் ஒருபோதும் இல்லாமல் போகவில்லை, படிப்படியாகவே மாறி வந்திருக்கிறது என்பதால் அதுவே 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று 1990இல் லண்டன் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தத் தொடர்ச்சியை ஆவணங்களாலும் சாட்சிகளாலும் மெய்ப்பிக்க முடிந்ததுதான் வழக்கை வென்று தந்தது.

நம் வீட்டுக் காருக்கும் அதுவே பாடம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது, ரசீதுகளைச் சேர்த்து வைப்பது, கழற்றிய பழைய சட்டத்தின் எண் பகுதியை அதிகாரிகள் சொல்லும்வரை அப்புறப்படுத்தாமல் இருப்பது ஆகியவை பின்னாளில் பிள்ளைகளுக்கு உதவும். வேலை முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்து, ஒப்புக்கொண்ட மதிப்பு அடிப்படையில் காப்புறுதி கிடைக்குமா என்று கேட்பதும் நல்லது. சந்தை மதிப்பு என்றால், செலவிட்டதில் சிறு பகுதியே திரும்பக் கிடைக்கலாம்.

மூன்றாவது வழி

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அப்பாவின் மோரிஸ் மைனர். இரு பக்கக் கதவடிப் பெட்டியும் போய்விட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன. இருப்பது ஓர் அளவான சேமிப்பு. இங்கே பழுதுபார்ப்பதே முறை. மைனருக்கு அந்தப் பகுதிகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அதே காரின் முன்சட்டமும் வளைந்து, தரையும் கரைந்திருந்தால், நல்ல கூடுள்ள மற்றொரு மைனரை வாங்கி, அப்பாவின் காரிலிருந்து இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் அதற்கு மாற்றுவது மலிவு. ஆனால் சாலையில் அது இரண்டாவது காரின் எண்ணோடும் பதிவோடும்தான் ஓட வேண்டும். அது அப்பாவின் கார்தானா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும், மெக்கானிக் அல்ல.

செலவுக்குப் பணம் இல்லையென்றால் பழுதைத் தள்ளிப்போடலாம். ஓட்டுவதைத்தான் தள்ளிப்போடாமல் இருக்கக் கூடாது. கெட்டுப்போன சட்டத்தோடு பாலிக் பூலாவ் மலைப்பாதை வளைவுகளில் இறங்குவது நினைவைப் போற்றுவது ஆகாது. கூரைக்கடியில், தரையில் ஈரம் இல்லாத இடத்தில், சக்கரங்களுக்குக் கீழே தாங்கி வைத்து நிறுத்திய கார் சில ஆண்டுகள் காத்திருக்கும். பட்டறையில் ஒப்புக்கொள்வதற்கு முன், காரைத் தூக்கி நிறுத்தி நீங்களே அடியில் குனிந்து பாருங்கள். எந்த இடம், எவ்வளவு தூரம் வெட்டப்படும், அளவு எடுத்தார்களா என்ற மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையில் அந்தக் காரை விட்டுவிட்டு வராதீர்கள்.