கடைமடை வீட்டில் கூடும் மின்னழுத்தம்

நம் பாடநூல்களிலும் வகுப்பறைச் சுவர்ப்படங்களிலும் மின்சாரம் ஒரே திசையில்தான் பயணம் செய்கிறது. அனல்மின் நிலையம், உயர்ந்த கோபுரங்கள், துணை மின்நிலையம், தெருமுனை மின்மாற்றி, கடைசியில் ஒரு வீடு. அம்புக்குறிகள் எல்லாம் வீட்டை நோக்கியே இருக்கும். படம் தவறன்று. ஆனால் நம் மாணவர்கள் குடியிருக்கும் தெருக்களில் இப்போது அது பாதி உண்மைதான். மாடியில் சூரியத் தகடு பொருத்திய வீட்டிலிருந்து நண்பகலில் மின்சாரம் தெருவுக்கு வருகிறது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், நடுத்தரக் குடும்பங்களும் கடன் வாங்கியாவது பொருத்திவிடுகின்றன.

அப்படிப் பொருத்திய வீட்டு மாணவி ஒருத்தி, பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "மேகமா இருந்தா எங்க வீட்டு சோலார் ஒழுங்கா ஓடுது சார். வெயில் நல்லா அடிக்கும்போதுதான் இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது. ஏன் சார்?" கருவி பழுது என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அந்தக் கருவி தனக்கு இடப்பட்ட விதிப்படியே நடந்துகொள்கிறது. காரணத்தை விளக்க, அன்று கரும்பலகையில் இருந்த V = IR போதும்.

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். மின்கம்பிக்கும் தடை உண்டு. தெருவில் செல்லும் அலுமினியக் கம்பி கிலோமீட்டருக்கு 1 ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மையான கம்பிகளும் அந்த அளவை ஒட்டியவைதாம். மின்மாற்றியிலிருந்து தெருக்கோடி வீடு 400 மீட்டர். போகும் கம்பிக்கு 0.4 ஓம், திரும்பும் நியூட்ரல் கம்பிக்கு 0.4 ஓம், ஆக மொத்தம் 0.8 ஓம். தெருக்கோடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே கட்டத்தில் இணைந்திருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு இரண்டும் சேர்ந்து 20 ஆம்பியர் எடுத்தால் கம்பியிலேயே 16 வோல்ட் போய்விடும். மின்மாற்றியில் 230 வோல்ட் இருந்தால் அந்த வீடுகளுக்குக் கிடைப்பது 214. இடையிலுள்ள வீடுகளையும் சேர்த்தால் இன்னும் குறையும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும், ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். 'லோ வோல்டேஜ்' என்று ஊரே சொல்லும் நோய் இதுதான்.

தாழ்வழுத்த நுகர்வோருக்கு, அறிவிக்கப்பட்ட மின்னழுத்தத்திலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது இந்திய மின்சார விதிகள், 1956 வகுத்த வரம்பு. 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 216 முதல் 244 வரை. 214 அதற்குக் கீழே இருக்கிறது.

இதற்கு மின்வாரியத்திடம் எளிய மருந்து உண்டு. மின்மாற்றியின் உயர் அழுத்தச் சுருளில் சில சுற்றுகளைக் கூட்டவும் குறைக்கவும் 'டேப்' எனப்படும் இணைப்புகள் உள்ளன. பொதுவாக ஒரு படிக்கு 2.5 விழுக்காடு. முதன்மைச் சுருளில் சுற்றுகளைக் குறைத்தால் துணைச் சுருளில் மின்னழுத்தம் கூடும். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் நடத்தும் சுற்றுகளின் விகிதம் இங்கே தெருவில் வேலை செய்கிறது. இரண்டு படி ஏற்றினால் மின்மாற்றியில் ஏறத்தாழ 242 வோல்ட், தெருக்கோடியில் 226. பிரச்சினை தீர்ந்தது. துணை மின்நிலையத்துப் பெரிய மின்மாற்றிகளில் மின்சாரம் ஓடும்போதே டேப்பை மாற்றும் அமைப்பு இருக்கும். தெரு மின்மாற்றியிலோ மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆகவே ஒருமுறை வைத்தது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். மின்சாரம் ஒரே திசையில் ஓடியவரை அது போதுமானதாகவும் இருந்தது.

இப்போது அதே தெருக்கோடியில் இரண்டு வீடுகளும் 3 கிலோவாட் தகடுகள் பொருத்துகின்றன. நண்பகல், வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டதால் வீட்டில் எதுவும் ஓடவில்லை. இரண்டும் சேர்ந்து 25 ஆம்பியர் அளவுக்குத் தெருவுக்கு அனுப்புகின்றன. அதே 0.8 ஓம் கம்பிதான், திசை மட்டும் மாறிவிட்டது. 25 × 0.8 = 20 வோல்ட். மாலையில் குறைந்த மின்னழுத்தம் இப்போது கூடுகிறது: 242 + 20 = 262 வோல்ட்.

பகிர்ந்தளிக்கப்பட்ட மின்னுற்பத்திக்காக மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, இணைப்பிடத்தில் மின்னழுத்தம் 110 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது 230க்கு 253 வோல்ட்டைத் தாண்டினால், உற்பத்திக் கருவி இரண்டு விநாடிக்குள் விலகிவிட வேண்டும். இன்வெர்ட்டர் விலகுகிறது. விலகியதும் மின்னழுத்தம் இறங்குகிறது. சற்றுநேரம் பார்த்துவிட்டு மீண்டும் இணைகிறது. மீண்டும் ஏறுகிறது, மீண்டும் விலகுகிறது. மேகமூட்டத்தில் மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் உயர்வும் 10 வோல்ட்டாகச் சுருங்கி, 252இல் நின்றுவிடுகிறது. மாணவி கண்டது இதைத்தான்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொல்லலாம். தலைமடையில் நீர்மட்டம் உயர்ந்தும் கடைமடையில் தாழ்ந்தும் இருக்கும். கடைமடைக்காரருக்கும் தண்ணீர் எட்ட வேண்டும் என்று மதகைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறோம். ஒருநாள் கடைமடைக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மிச்சத் தண்ணீரை வாய்க்காலிலேயே இறைத்து விடுகிறார். தண்ணீர் தலைமடை நோக்கித் திரும்ப வேண்டுமானால் கடைமடையில் மட்டம் உயர்ந்தாக வேண்டும். மதகும் தூக்கியே இருக்கிறது. கரை உடைவது கடைமடையில்தான். இந்த உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். கம்பிக்குச் சரிவு கிடையாது, மின்சாரம் கசிந்து வயலுக்குள் போவதுமில்லை.

மாணவர்களைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரு கழித்தல் செய்யச் சொல்லுங்கள். மாலையில் 16 வோல்ட் இறக்கம், பகலில் 20 வோல்ட் ஏற்றம், மொத்த ஊசலாட்டம் 36 வோல்ட். விதி தரும் இடைவெளியோ 216 முதல் 244 வரை 28 வோல்ட்தான். ஆகவே டேப்பை எந்தப் படியில் வைத்தாலும் ஒரு வேளையாவது வரம்பு மீறும். 230க்கு இறக்கினால் பகலில் 250, மாலையில் பழையபடி 214. பணியாளர் திறமையின்மை என்று பேசிப் பயனில்லை. ஒரே ஒரு திருகைக் கொண்டு இரண்டு எதிர்த் தேவைகளை நிறைவேற்ற முடியாது.

இதில் நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. மின்மாற்றிக்கு 50 மீட்டரில் உள்ள வீடு அதே தகடு பொருத்தினால் அதற்கான கம்பித்தடை 0.1 ஓம்தான்; அதன் மின்னோட்டத்தால் ஏறுவது ஒன்றேகால் வோல்ட். அந்த வீட்டு இன்வெர்ட்டர் நிற்பதே இல்லை. அதே மானியம், அதே மாதத் தவணை. தெருக்கோடி வீட்டுக்கு மட்டும் வெயில் உச்சத்தில் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஓம் விதியில் நீளம் என்ற காரணி இப்படி ஒரு குடும்பத்தின் வரவு செலவிலும் புகுந்துவிடும் என்று மாணவர்கள் அறிவது நல்லதுதானே.

தீர்வுகள் பல. தடித்த கம்பி போடலாம்; மின்மாற்றியைத் தெருக்கோடிக்கு அருகில் புதிதாக நிறுத்தலாம்; இரு வீடுகளையும் வெவ்வேறு கட்டங்களில் இணைக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவு குறைவு, முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. கிணற்று மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை நண்பகலுக்கு மாற்றினால் தெருவுக்குப் போகும் மின்னோட்டம் குறையும். மின்கலத்தில் சேமித்தாலும் அப்படியே, விலைதான் கூடுதல்.

இன்வெர்ட்டரையே பயன்படுத்தும் வழி பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்குச் சுவையானது. இன்றைய இன்வெர்ட்டர்கள் மின்னோட்டத்தின் கட்டத்தை மின்னழுத்தத்திலிருந்து விலக்கி, ஒரு மின்தூண்டி இணைத்தது போல நடந்துகொள்ளக்கூடியவை. வாட் கணக்கில் சேராத அந்த மின்னோட்டம் கம்பியின் தூண்டல் மின்மறுப்பு வழியே பாய்ந்து மின்னழுத்தத்தை இறக்குகிறது. துணை மின்நிலையங்களில் மோட்டார் சுமையை ஈடுகட்ட மின்தேக்கிகளை வைத்து மின்னழுத்தத்தை உயர்த்துவோமே, அதன் மறுபக்கம் இது. ஆனால் ஒரு வரம்பு உண்டு. 11 அல்லது 22 கிலோவோல்ட் பாதைகளில் இது நன்றாக எடுபடும். தெருவின் மெல்லிய கம்பியில் மின்தடையே மேலோங்குவதால் பலன் குறைவு.

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் மிகுந்த ஆஸ்திரேலியா இதை விதியாகவே ஆக்கிவிட்டது. அங்கும் 230 வோல்ட்தான், மேல்வரம்பு 253. அந்நாட்டின் பெரும்பகுதியில் 2021 டிசம்பர் முதல் புதிய இன்வெர்ட்டர்கள் 240ஐத் தாண்டியதும் மேற்சொன்ன கட்ட விலக்கத்தைத் தொடங்க வேண்டும். 253ஐத் தாண்டினால் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழுவதும் நிற்பதைவிடக் கொஞ்சம் குறைத்து ஓடுவது மேல் என்பது என் கருத்தும். ஆனாலும் குறைவது தெருக்கோடி வீட்டுக்குத்தான்!

2016இல் இயங்கத் தொடங்கிய கமுதி சூரியப் பூங்கா 648 மெகாவாட். அது உயர் அழுத்தத் தொடரமைப்பில் நேரடியாக இணைவதால் இந்தத் தெருச் சிக்கல் அதற்கு இல்லை.

வகுப்பில் செய்து காட்டச் செலவு மிகக் குறைவு. நான்கு உலர்மின்கலங்கள் (6 வோல்ட்) மின்மாற்றி. மூன்று 10 ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் தெருக்கம்பி. மின்கலங்களின் முனைகளுக்குக் குறுக்கே அரை வாட் தாங்கும் 100 ஓம் மின்தடை ஒன்று, கடைத்தெருச் சுமையாக. இதை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் மின்னோட்டம் உலர்மின்கலங்களுக்குள் தலைகீழாகப் பாயும். முதலில் கம்பியின் கோடியில் இன்னொரு 100 ஓம் மின்தடையை வீடாக இணைத்து, பல்பயன் அளவியால் ஒவ்வொரு சந்தியிலும் அளக்கச் சொல்லுங்கள். கலங்களின் உள்தடையைத் தவிர்த்துக் கணக்கிட்டால் 6, 5.54, 5.08, 4.62 வோல்ட். அடுத்து அந்த வீட்டை எடுத்துவிட்டு, ஐந்து மின்கலங்களை (7.5 வோல்ட்) ஒரு 20 ஓம் மின்தடை வழியாக அதே முனைக் குறியோடு இணையுங்கள். 30 மில்லி ஆம்பியர் திரும்பி ஓடும். சந்திகளில் 6, 6.3, 6.6, 6.9. இரண்டு வரிசைகளையும் ஒரே வரைபடத்தாளில் வரைந்தால் ஒன்று இறங்கும் கோடு, மற்றொன்று ஏறும் கோடு. தொடக்கப் பள்ளியில் இவ்வளவு தேவையில்லை. தம் தெருவின் மின்மாற்றியையும், கம்பி வழியே வரிசையாக வீடுகளையும் வரைந்து, தகடுள்ள வீடுகளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டினால் போதும்.

சோதனையை வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள், கூடவே கூடாது. அதோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி: "கரண்ட் போனா, வெயில் இருந்தும் சோலார் ஏன் நிக்குது?" தெருவில் மின்சாரம் நின்றதும் இரண்டு விநாடிக்குள் இன்வெர்ட்டரும் தெருவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்று அதே 2013 விதிமுறைகள் சொல்கின்றன. கம்பத்தில் ஏறியிருக்கும் கம்பியாளர் அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார்.