நிவாரணப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? நம்பகமான தரவு குறித்து மஹல்லாக்கள் சிந்திக்க வேண்டியவை

குருகொட ஓயா பெருக்கெடுக்கும் ஒவ்வொரு முறையும் ருவான்வெல்லையில் நாம் முதலில் தேடுவது ஒரு பட்டியலைத்தான். ரமழான் உலர் உணவுப் பொதி, ஸகாத் பங்கீடு, மாணவர் புலமைப்பரிசில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். பல ஊர்களில் அது இரண்டு மூன்று பேரின் ஞாபகத்திலிருந்தும் பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்திலிருந்துமே எழுதப்படுகிறது. இதனால் ஒரே வீட்டுக்கு மூன்று அமைப்புகளின் பொதிகள் போய்ச் சேர்வதையும், வாடகை வீட்டில் இருக்கும், சந்தாப் புத்தகத்தில் பெயரில்லாத ஒரு விதவைத் தாய்க்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதையும் நான் கண்டிருக்கிறேன். கொடுத்தவர்களின் நிய்யத்தில் குறையில்லை. பட்டியலில்தான் குறை.

தரவு இல்லாமல் எடுக்கப்படும் முடிவின் வலியை எமது சமூகத்துக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கொவிட் தொற்றினால் மரணித்தோரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறிய நிலையில், 2020 ஏப்ரலில் இங்கு தகனம் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற அச்சம் காரணமாகக் காட்டப்பட்டது. அதை உறுதிப்படுத்தும் அளவீடு எதுவும் முன்வைக்கப்படவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. முடிவு முதலிலும் ஆதாரம் பிறகும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் நம்பகமான தரவு எப்படித் திரட்டப்படுகிறது? எம் நாட்டிலேயே அதற்கான பாடங்கள் இருக்கின்றன.

யாரை எண்ணுகிறோம், எந்த நாளில்?

இலங்கையில் 1871 முதல் சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. இதன் பலம் வீடு வீடாகச் செல்வதில் மட்டும் இல்லை. யார் ஒரு குடும்பம், எந்த நேரத்து நிலைமை பதியப்படுகிறது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. கடைசிக் கணக்கெடுப்புக்கு 2024 டிசம்பர் 19 அடிப்படை நாளாக வைக்கப்பட்டது. அப்படி ஒரு நாள் இல்லாவிட்டால் இடம் மாறுபவர் இரண்டு இடத்தில் எண்ணப்படுவார், அல்லது எங்குமே எண்ணப்படமாட்டார்.

கேள்வி மாறினால் எண்ணும் மாறும். 2012 கணக்கெடுப்பில் இஸ்லாத்தைத் தம் மதமாகக் குறிப்பிட்டோர் 9.7 சதவீதம். இலங்கைச் சோனகர் என்று இனத்தைக் குறிப்பிட்டோர் 9.3 சதவீதம். இரண்டுமே சரி. மலாயர் உள்ளிட்ட ஏனைய முஸ்லிம்கள் இரண்டாவது எண்ணுக்குள் வரமாட்டார்கள். சமூக ஊடகங்களில் எமது சனத்தொகை பற்றி யாராவது ஓர் எண்ணைச் சொல்லும்போது, அது எந்த ஆண்டின் எந்தக் கேள்விக்கான விடை என்று முதலில் கேட்க வேண்டும். எமக்கு எதிராகப் பரப்பப்படும் வதந்திகளுக்கும், நாமே பெருமைக்காகச் சொல்லும் எண்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு சோறு பதம் எப்போது பிழைக்கும்?

எல்லா வீடுகளுக்கும் போவது எப்போதும் சாத்தியமில்லை. ஆகவே மாதிரி எடுக்கிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் பானை முழுவதும் ஒரே அளவாக வெந்திருக்க வேண்டும்.

2019 குடும்ப வருமான செலவின ஆய்வுக்காகத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சுமார் 25,000 வீடுகளைத் தெரிவு செய்தது. பெருநாள், அறுவடை போன்ற பருவகாலச் செலவுகள் கணக்கைத் திரிக்காதிருக்க, ஆண்டு முழுவதும் பிரித்து விபரம் திரட்டப்பட்டது. நாடு முழுவதற்குமான வறுமை விகிதம் 14.3 சதவீதம் என வந்தது. நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. நகரத்தில் அது 6 சதவீதம், தோட்டத்தில் 33.8 சதவீதம். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் எமது சப்ரகமுவ மலைகளின் லயன் வீடுகளில் உள்ள வறுமை மறைந்தே போயிருக்கும்.

ஒரு மஹல்லாவுக்குள்ளும் இப்படித்தான். பஸார் தெருவில் பத்துக் கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டு ஊரின் நிலைமையைச் சொல்ல முடியாது. பள்ளிக்கு வருவோரிடம் மட்டும் கேட்டால், வர முடியாத நோயாளிகளும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் தவறிவிடும்.

திருத்துவதற்கு ஒரு வழி

2023 இல் அஸ்வெசும திட்டம் 22 குறிகாட்டிகளின் அடிப்படையில் குடும்பங்களைத் தெரிவு செய்தது. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, குடும்ப அமைப்பு போன்றவை பார்க்கப்பட்டன. “இவர் ஏழை” என்ற அதிகாரியின் அபிப்பிராயத்துக்குப் பதிலாகச் சரிபார்க்கக்கூடிய விடயங்களைக் கேட்பதே இதன் நோக்கம். பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் வந்தன. தகுதியானோர் விடுபட்டதாகவும் தகுதியற்றோர் சேர்ந்ததாகவும் மக்கள் முறையிட்டார்கள். அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனாலும் குறையைச் சொல்ல ஒரு வாசல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். எமது பள்ளிவாசல் பட்டியல்களில் அந்த வாசல் இருக்கிறதா?

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. முதலில், எந்த முடிவுக்காகத் தகவல் கேட்கிறோம் என்பதை நிர்வாகம் எழுதி வைக்க வேண்டும். அந்த முடிவுக்கு உதவாத கேள்வியைக் கேட்கவே கூடாது. இரண்டாவது, ஒரே அடுப்பில் சமைத்து உண்போரை ஒரு குடும்பமாக வரையறுக்கலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு குடும்பங்கள். மத்திய கிழக்கில் தொழில் புரிபவர்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். சந்தா செலுத்தாதோரும் வாடகைக்கு இருப்போரும் விடுபடக் கூடாது.

மூன்றாவது, தகவல் திரட்டும் குழுவில் படித்த எம் பெண் பிள்ளைகளும் இருக்க வேண்டும். வீட்டின் உண்மை நிலையை ஒரு தாய் பெரும்பாலும் இன்னொரு பெண்ணிடமே மனம் திறந்து சொல்வாள். நான்காவது, இருபது வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் வேறொருவர் மீண்டும் சென்று சரிபார்க்க வேண்டும். இரண்டு விடைகளும் அடிக்கடி மாறுபட்டால் கேள்வியிலோ கேட்டவரிலோ பிழை இருக்கிறது. ஐந்தாவது, ஒவ்வொரு பதிவிலும் திகதி இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்திய பட்டியல் அன்றைய ஊரைத்தான் காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அமானிதம். யாருக்கு ஸகாத் போகிறது, யார் கடனில் இருக்கிறார் என்பது வட்ஸ்அப் குழுமத்தில் சுற்றக்கூடாது. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் உண்டு. தமது இரகசியம் வெளியே போகும் என்று அஞ்சும் மக்கள் உண்மை சொல்லமாட்டார்கள். நம்பிக்கை போனால் தரவும் போய்விடும்.

இது எமக்குப் புதிய விடயமும் அல்ல. இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், ஆயிரத்து ஐந்நூறு பேர் எழுதப்பட்டதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

தென்மேல் பருவமழை மே மாதமளவில் ஆரம்பிக்கும். வெள்ளம் வந்த பிறகு வீடுகளை எண்ண முடியாது. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் மழைக்கு முன்னரே இரண்டு வார இறுதி நாட்களை இதற்காக ஒதுக்கினால், அடுத்த முறை பொதி ஏற்றிய லொறி ஊருக்குள் வரும்போது எந்த வாசலில் முதலில் நிறுத்துவது என்பது தெரிந்திருக்கும்.