களஞ்சியமும் வெளிநாட்டுக் கொள்கையும்

வெளிநாட்டுக் கொள்கை தலைநகரில் உள்ளோர் ஆராயவேண்டிய விஷயம். தறியில் அமர்ந்திருப்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் அதில் என்ன தொடர்பு என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது.

சுதந்திர இந்தியா, அமெரிக்கா, சோவியத் ரஷ்யா ஆகிய இரு வல்லரசுகளின் அணிகளில் எதிலும் சேராமல், ஒவ்வொரு பிரச்னையையும் அதனதன் நியாயத்தைக் கொண்டே சீர்தூக்குவது எனப் பிரதமர் நேருவின் காலத்தில் முடிவு செய்தது. 1954இல் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் பஞ்சசீலம் இடம்பெற்றது. பிறர் எல்லையையும் இறைமையையும் மதித்தல், ஆக்கிரமியாமை, உள்விவகாரங்களில் தலையிடாமை, சமத்துவமும் பரஸ்பர நன்மையும், சமாதான சகவாழ்வு ஆகியவை அவ்வைந்து நெறிகள். நெறி மட்டும் போதாது, பலமும் வேண்டும் என்பதை 1962ஆம் ஆண்டுச் சீனப் போர் உணர்த்தியது.

ஆயுத பலம் மட்டுமே பலம் அன்று. 1956 முதல் இந்தியா அமெரிக்கக் கோதுமையைச் சலுகை முறையில், ரூபாயிலேயே விலை கொடுத்துப் பெற்று வந்தது. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் மழை பொய்த்தது. கப்பல் வந்தால்தான் உணவு என்னும் நிலை ஏற்பட்டது. அப்போது ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் செய்யாது, தானியத்தைச் சிறிது சிறிதாகவே அனுமதித்தார். நமது விவசாயம் திருந்தவேண்டும் என்பது அவர் கூறிய காரணம். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா கூறிய கருத்துக்கள் அவருக்கு உவப்பாயில்லை என்பதும் மறைபொருள் அன்று.

நூலைக் கடனாகத் தரும் வியாபாரியிடம் நெசவாளர் கூலி பேச இயலுமா? கூட்டுறவு அங்கத்தினர்கள் இதனை நன்கறிவர். தேசங்களின் நிலையும் அத்தகையதே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள், அன்று உணவு மந்திரியாயிருந்த கோவை மாவட்டத்துச் சி. சுப்பிரமணியம் முக்கியமானவர். 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. பஞ்சாப் முதலிய பகுதிகளின் உழவர்கள் அதை ஏற்றுப் பயிரிட்டனர். 1968இல் விளைச்சல் முன்காணாத அளவை எட்டியது. 1971இல் வங்கதேசப் போரின்போது அமெரிக்க அரசு எதிர்த்து நின்றும் இந்தியா தன் முடிவினின்று பிறழவில்லை. அவ்வாண்டு இறுதியில் சலுகைக் கோதுமை பெறுவதையும் நிறுத்திக்கொண்டது.

இன்று அரிசியும் கோதுமையும் நம்மிடம் உண்டு. ஆயினும் நாம் உபயோகிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஆதலின் நிலக்கடலையும் எள்ளும் பயிரிடுவோர்க்கு நியாயவிலை கிடைக்கச் செய்வதும் வெளிநாட்டுக் கொள்கையின் ஓர் அங்கமே என்போம்.