கோழி முக்கிக்கொண்டே இருக்கிறது

திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பிக் கூடு இருக்கிறது. அதில் ஐந்து முட்டைக் கோழிகள். வளர்க்கிற அக்கா நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு காலையில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தச் செவலைக் கோழி நேத்து மத்தியானத்திலேருந்து ஒரு மாதிரியா நிக்கு. தீனி எடுக்கல. அடைக்கு உக்காருதோன்னு நெனச்சேன். இப்பம் பாத்தா முக்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். கோழி நெஞ்சை நிமிர்த்தி, உடம்பின் பாரத்தைப் பின்பக்கம் தள்ளி, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. இறகெல்லாம் சிலிர்த்திருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை அடிவயிறு இறுகித் தளர்ந்தது. ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டை வெளிறியிருந்தது. கூட்டின் அடித்தட்டில் மற்றக் கோழிகளின் எச்சம் இருந்தது. இது நின்ற மூலையில் கஞ்சி போல வெள்ளையாக ஒரு சொட்டு, அவ்வளவுதான். வாலுக்குக் கீழே லேசாக விரலை வைத்தால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. முட்டை அடைத்திருந்தது.

வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோழிக்கு எச்சமும் முட்டையும் வெளியேறுகிற வாசல் ஒன்றுதான். முட்டை அங்கே சிக்கினால் எச்சமும் உள்ளே தங்கிவிடும், கால் நரம்பு நசுங்கிக் கோழி நொண்டும், மூச்சு வாங்கும். ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். அடைத்த முட்டை ஒன்று இரண்டு நாளில் வெளியேறாவிட்டால் பெரும்பாலும் கோழி பிழைக்காது. அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது அந்தக் கெடுவில் பாதி போயிருந்தது.

அடைக்கு உட்காரும் கோழி வேறு மாதிரி. அது கூட்டை விட்டு லேசில் எழும்பாது, கையை நீட்டினால் சீறும், கொத்தும், ஆனால் முக்காது. கொண்டை வெளிறித் தலை தொங்காது. ஒரு நாளில் ஓரிரு முறை எழுந்து தின்று, குடித்து, மொத்தமாக ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப உட்காரும். வெள்ளைக் கழிச்சல் நோயோ ஒரு கோழியோடு நிற்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு, கூட்டில் அடுத்தடுத்து விழும். ஒரே ஒரு கோழி, முட்டையிடும் வயசு, வால் தொங்கி முக்குகிறது என்றால் முதலில் முட்டை அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பல கோழிகளைக் காப்பாற்றும். ஓர் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கோழியின் வயிறு மூழ்கும் அளவுக்கு மட்டும் அதில் இறக்கி, சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தபடி 15, 20 நிமிஷம் உட்கார வையுங்கள். முதலில் திமிறும், பிறகு அடங்கிவிடும். அக்காவின் கோழி கண்ணைப் பாதி மூடிக்கொண்டது; அந்தச் சூடு அதற்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு ஈரம் போகத் துவட்டி, பின்வாசலில் சுத்தமான தேங்காய் எண்ணெய் சில சொட்டுத் தடவி, துணி விரித்த அட்டைப்பெட்டியில் தனியாக, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். மழை நாளாக இருந்தால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பல்பு வெளிச்சத்தின் சூடு படட்டும். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, வயிற்றை அமுக்கிப் பிதுக்குவது. முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு குழாயைக் கிழிக்கும், சீழ் பிடிக்கும். ஊசியால் குத்தி உடைத்து எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மருத்துவர் சில நேரம் முட்டைக்குள் இருப்பதை ஊசியால் உறிஞ்சி எடுத்து ஓட்டைச் சுருங்கச் செய்வது உண்டு. அது அவர் கைக்கு மட்டுமே உரிய வேலை. வாயைத் திறந்து தண்ணீரோ எண்ணெயோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிக் கோழி அங்கேயே முடிந்துவிடலாம். மருந்துக்கடையில் ஆக்ஸிடோசின் வாங்கிக் குத்துவது எல்லாவற்றிலும் ஆபத்து. வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே இறுக்கத்தைக் கூட்டினால் முட்டைக்குழாயே வெடிக்கலாம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது.

குளியலுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டை வராவிட்டால், அல்லது ரத்தம், ஓட்டுத் துண்டு, திறந்த அலகோடு மூச்சு வாங்குவது என்று எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். சில கோழிகளுக்கு முக்கி முக்கி உள்சதை சிவப்பாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அப்படியானால் மற்றக் கோழிகளிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்திக் குடலையே உருவிவிடும். அந்தச் சதையைச் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் மூடி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்றைக்கு நான் முதலில் போன் செய்தது ஒரு தனியார் கிளினிக்குக்கு. கோழிக்கெல்லாம் பார்ப்பதில்லை, அறுத்துக் கறி வைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற அக்காவின் முகம் சுண்டிப் போனது. ஐந்து மாத வயசில் வாங்கி, பேர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த கோழி அது. இப்படி ஒரு பதிலைக் கேட்டதும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. அரசு மிருக ஆஸ்பத்திரிகள் மாட்டுக்கும் நாய்க்கும் மட்டும் உரியவையல்ல. கோழிக்கும் வாத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் மாவட்ட அளவிலான கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவி கேட்கலாம். கேரளத்தில் இந்தச் சேவை 2023 ஜனவரியில் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் அதே எண்தான். வண்டி வீட்டுக்கு வருவதற்குக் கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோழியின் வயது, கடைசி முட்டை எப்போது இட்டது, எத்தனை மணி நேரமாக முக்குகிறது, என்ன தீனி, எச்சம் போகிறதா என்ற ஐந்தையும் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நாங்கள் அட்டைப்பெட்டியோடு ஆட்டோ ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் உறை மாட்டிய விரலில் எண்ணெய் தொட்டுப் பார்த்துவிட்டு, கால்சியம் ஊசி போட்டு, திரும்பவும் இருட்டில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் பெட்டிக்குள் சத்தம் கேட்டது. வந்த முட்டை வழக்கத்தை விடப் பெரிது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பொருக்கு போலச் சொரசொரப்பு. மறுமுனையில் ஓடு, விரலை வைத்தால் அமுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. கோழி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து, தண்ணீரை வரிசையாக ஏழெட்டு வாய் குடித்தது.

அதற்கு முன்பே மருத்துவர் கேட்டிருந்த கேள்வி: என்ன தீனி போடுகிறீர்கள்? மிஞ்சிய சோறு, தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. ஊரில் அம்மா வளர்த்த கோழிக்கும் இதுதானே என்றார் அக்கா. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அம்மா வளர்த்த நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இடும். மீதி நாளெல்லாம் அடை, குஞ்சு, இறகு உதிர்ப்பு என்று உடம்பு தேறிக்கொள்ளும். குப்பை கிளறிப் பூச்சி தின்னும், வெயில் காயும். இன்று கேரள நகரங்களில் மாடிக்கூடுகளுக்கு விற்கப்படும் பிவி 380 போன்ற கோழி 250-க்கு மேல் இடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வைக்கிறார்கள். நாளைக்கு 110 கிராம் தின்றால் கிட்டத்தட்ட 4 கிராம் உள்ளே போகும். உடம்பு உறிஞ்சுவது அதில் ஒரு பங்குதான் என்பதால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிறது. சோற்றிலும் தவிட்டிலும் அந்தக் கால்சியம் கிடையாது. அப்போது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. எலும்பும் தீர்ந்தால் ஓடில்லாத தோல் முட்டை வரும். முட்டையைத் தள்ளும் தசை சுருங்குவதற்கும் கால்சியம்தான் வேண்டும் என்பதால், ஒரு நாள் தள்ளவும் முடியாமல் நின்றுவிடும். தோல் முட்டை ஒன்று வந்தாலே அதை முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒரு விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கும், தேவையில்லாத வலி வராமல் தடுப்பதற்கும் முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது. கோழியும் அந்தச் சட்டத்தின்படி விலங்குதான். போதிய தீனி, தண்ணீர், இடம் கொடுக்காமல் விடுவது 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அறுபது வருஷத்துக்கு முந்தைய தொகை இன்னும் அப்படியே நிற்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. உணவுக்காகக் கோழியை அறுப்பது குற்றமில்லை; தேவையில்லாமல் வதைத்து அறுப்பது குற்றம். பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், இரண்டு நாள் மூலையில் முக்கிச் சாக விடாமல், வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள். நோய்ப்பட்ட, மருந்து ஏறிய கோழியைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். பிழைத்த கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் எத்தனை நாள் அதன் முட்டையைத் தின்னக்கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்கலாம். தீவனக் கடைக்காரர், கோழி ஏஜென்ட் யாராக இருந்தாலும் ஊசி போட உரிமை இல்லை. "மருத்துவர் பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கோழி வாங்கும் இடத்திலேயே பாதி ஆபத்து தொடங்கிவிடுகிறது. வண்டியில் கூவி விற்கும்போது, இப்போதுதான் முட்டையிடத் தொடங்கும் கோழி என்பார்கள். பண்ணையில் 72 வாரத்துக்கு மேல் இட்டுத் தீர்ந்து கழிக்கப்பட்ட கோழியும் அதே வண்டியில் இருக்கலாம். வயதாக ஆக முட்டை பெருக்கும், ஓடு மெலியும், அடைப்பு கூடும். கால் செதில் தடித்துக் காய்ந்திருக்கிறதா, இறகு தேய்ந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறந்த வாரம், தடுப்பூசி விவரத்தோடு ரசீது கேளுங்கள். ஏமாற்றியது தெரிந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் உண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் கிடைக்கும். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீது இல்லாவிட்டால் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

ஒரு நிலையில் மட்டும் கோழியைக் கையில் எடுக்கவே கூடாது. ஒரே நாளில் பல கோழிகள் சாகின்றன, கொண்டை நீலம் பாய்கிறது, முகம் வீங்குகிறது என்றால் அது முட்டை அடைப்பில்லை. இந்த மாவட்டத்திலேயே சிறையின்கீழ் பக்கம் அழூரில் 2023 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் உறுதியாகி, பறவைகளைக் கொன்றழிக்க நேர்ந்தது. அப்படிச் சந்தேகம் வந்தால் குளிப்பாட்டுவதும் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை. செத்த கோழியைக் கிள்ளியாற்றில் வீசக்கூடாது. பாலோட்டில் இருக்கும் விலங்கு நோய் ஆய்வு நிலையத்தில் பரிசோதிக்க வழி உண்டு. ஆஸ்பத்திரியில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

அக்காவின் கூட்டில் இப்போது சோறு இல்லாமல் போகவில்லை. ஆனால் முதல் தீனி முட்டைக்கோழித் தீவனம், பிறகுதான் மற்றது. தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் எப்போதும் இருக்கும். எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே கொத்திக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் முற்றத்தில் வெயிலில் விடுகிறார், ஏனென்றால் வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. இன்னும் ஒன்று, மருத்துவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே உறைத்தது: கூட்டுக்கு நேர் மேலே இருந்த மாடிப்படி விளக்கு விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. நீண்ட வெளிச்சம் கோழியை முட்டையிடத் தூண்டும். இடுப்பு விரிந்து தேறாத இளங்கோழிக்கு அது கேடு. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மேல் வீட்டுக்காரர்கள் கைபேசி வெளிச்சத்தில் படியேறிப் போகிறார்கள்.