ஸ்பானிஷ்ல ஆல் த பெஸ்ட்

ஓசூர்ல செஞ்ச டிவிஎஸ் பைக் கொலம்பியா, மெக்சிகோ ரோட்டுல ஓடுது. நாளைக்கு அங்க இருக்கிறவங்ககூட மீட்டிங்ல நாமளே பேச வேண்டி வரலாம். வாழ்த்த ‘புவேனா சுவெர்த்தே’ போதும். இல்லன்னா ‘மூச்சா சுவெர்த்தே’. சிரிக்காதீங்க, ‘மூச்சா’ன்னா ‘நிறைய’.

எனக்குப் பிடிச்சது ‘கே தே வாயா பியென்’. ‘உனக்கு நல்லபடியா நடக்கட்டும்’னு அர்த்தம். பரீட்சைக்குக் கிளம்பறப்ப பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி சொல்ற ‘ஒள்ளேதாகலி’யேதான். அந்த ‘லி’யும் நம்ம ‘ட்டும்’மும் செய்யற வேலையை அங்க ‘வாயா’ செய்யுது.

மேனேஜர்கிட்ட மட்டும் ‘தே’ போட்டுடாதீங்க, அது ‘உனக்கு’. ‘உங்களுக்கு’ன்னா ‘லே’: ‘கே லே வாயா பியென்’. கொலம்பியாவுல பொகோட்டா பக்கம் ஃப்ரெண்டுகளுக்குள்ளகூட ‘நீங்க’ சகஜம். அதனால சந்தேகம் வந்தா ‘லே’ன்னே சொல்லிடுங்க.