கச்சான் காலத்துத் தோல்

ஓதப்பள்ளியில் ஓதிக்கொடுக்கும் லெப்பை மறுபக்கம் திரும்பும் நேரம் பார்த்து, நாங்கள் காலில் நகத்தால் அரபு எழுத்தான அலிஃப் எழுதுவோம். கணுக்காலுக்கு மேலே ஒரு கீறல், அவ்வளவுதான். வெள்ளைக் கோடாக விழும். பே எழுத இடம் போதாது. யாருடைய காலில் கோடு பளிச்சென்று விழுகிறதோ அவளுடைய வீட்டில் எண்ணெய் போட்டுவிட ஆளில்லை என்று அர்த்தம். அந்த வெட்கத்தில் அவள் பாவாடையை இழுத்து மூடிக்கொள்வாள். மாரி காலத்தில் இந்த விளையாட்டு நடக்காது, எழுதினாலும் கோடு விழாது. ஆனியிலும் ஆடியிலும்தான் எங்கள் கால்கள் சிலேட்டாகும்.

ஏனென்றால் எங்கள் ஊரான இறக்காமத்துக்குத் தோல் வறளும் காலம் குளிர்காலமல்ல, கச்சான் காலம். வெளியூர்க்காரர் கச்சான் என்றதும் வறுத்துக் கொறிக்கும் கடலையை நினைப்பார்கள். நான் சொல்வது மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மோதி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கத்துச் சரிவுகளிலேயே கொட்டிவிடும். வெறுங்கையோடு மலை தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை சூடேறும். மட்டக்களப்பு வரை கடற்காற்றையும் தள்ளி வைத்துவிட்டு வெப்பத்தை 37 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற்றிவிடும் காற்று இது. உலக வானிலை அகராதிகளில் 'கச்சான்' என்ற எங்கள் பெயரிலேயே இடம்பிடித்திருக்கிறது. நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் கடல் வாசலில் இருக்கிறது. அந்தியில் கொஞ்சம் ஈரம் கிடைக்கும். நாங்கள் உள்ளே, வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் இருக்கிறோம். கொடியில் போட்ட சாரன் அரை மணித்தியாலத்தில் மொறமொறவென்று காயும். சாரனைக் காயவைக்கும் காற்று தோலை மட்டும் விட்டுவிடுமா?

மூத்தம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆனால் காற்று திரும்பிய அன்றைக்கே தேங்காயெண்ணெய்ப் போத்தல் குசினியிலிருந்து கிணற்றடிக்கு வந்துவிடும். அங்கே கல்லின் மேல் வெயில் படாத மூலையில் அதற்கொரு இடம் இருந்தது. குளித்து முடித்ததும் எங்களைத் துவட்ட விடமாட்டா. "இஞ்ச வா புள்ள, கால நீட்டு. சாம்பல் பூத்துக் கிடக்கு" என்று, தண்ணீர் சொட்டச் சொட்ட முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்த்துவிடுவா. துடைத்துவிட்டுப் பூசினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "காஞ்ச மண்ணுல பாய விரிச்சா ஈரம் வருமா?" என்றா. பதில் விளங்காமல் பல வருடம் இருந்தேன். பிறகு ஒரு தோல் வைத்தியர் சொன்னதும் அதேதான். எண்ணெய் தண்ணீர் தராது, இருக்கிற தண்ணீரை மூடி வைக்கும். ஆகவே ஈரம் காய்வதற்கு முன், குளித்த சில நிமிடங்களுக்குள் பூச வேண்டும்.

ஆண்களுக்கு எண்ணெய் அழகுக்கானதல்ல. கோடைப் போகத்து அறுவடையும் கச்சானும் ஒன்றாக வரும். களவெட்டியில் பொலி தூற்ற அந்தக் காற்றுத்தான் வேண்டும். தூற்றும்போது சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டி இரவெல்லாம் கடிக்கும். மூத்தாப்பா போகும்போதே உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு போவார்; வந்து குளித்துவிட்டு மறுபடியும் தடவுவார். குதிக்கால் வெடிப்புக்கு மருதோண்டி அரைத்து அப்புவதும் உண்டு. பெருநாளைக்கு எங்கள் விரலுக்கு அரைத்ததில் மிச்சம் அவருடைய குதிக்காலுக்குப் போகும். இப்போது நெல்லை மெசின் வெட்டி, அங்கேயே அடித்துச் சாக்கில் கொட்டிவிடுகிறது. காற்றின் தேவை முடிந்துபோனது. காற்று வரும் மாதமும் மனசிலிருந்து கழன்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பரில் என் மகளின் போனைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பொலிவிழந்த சருமத்தைக் காப்பது எப்படி என்று வீடியோ மேல் வீடியோ. சொல்கிறவள் டில்லியிலோ லண்டனிலோ இருக்கிறாள். அவளுக்கு அது உண்மை. குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது, வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. இங்கேயோ அந்த மாதத்தில் வெள்ளம் எந்த வீதியை மூடியது என்று விசாரித்துக்கொண்டிருப்போம். வருடத்து மழையில் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் எங்களுக்குக் கொட்டுகிறது. சுவரே வியர்க்கும் நாளில் பிள்ளை தடித்த கிறீமை அப்பிக்கொண்டு, முகத்தில் பரு வந்துவிட்டது என்று அழுகிறாள். தையில் பனி விழும், உதடு கொஞ்சம் காயும், மறுக்கவில்லை. அதற்குப் போத்தல் வாய் ஓரத்து எண்ணெய் போதும். ஜூலையில், தோல் உண்மையிலேயே கேட்கும்போது, மேசையில் ஒன்றும் இருப்பதில்லை. டிசம்பரில் வாங்கியது முடிந்திருக்கும்.

மாதம் மாறியது ஒருபுறம். அதைவிடப் பெரிய மாற்றம், 'சாம்பல் பூத்திருக்கு' என்ற சொல்லே வழக்கொழிந்ததுதான். அந்த இடத்தில் 'டல்லா இருக்கு' வந்து உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் பூத்தது என்றால் மருந்து எண்ணெய். டல் என்றால்? வெள்ளையாக வேண்டும் என்று காதில் விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. தோலின் மேற்படை ஒரு தலைமயிரின் தடிப்பைவிட மெல்லியது. அதிலே தண்ணீர் பத்து வீதத்துக்குக் கீழே இறங்கினால் செதில் எழும்பும். செதில் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் மாநிறத் தோல் சாம்பலாகத் தெரியும். நிறம் அப்படியே கீழே இருக்கிறது. எண்ணெய் பட்டதும் அலிஃப் மறைவது அதனால்தான்.

இந்தக் குழப்பத்தை வைத்துப் பிழைப்பவர்கள் அதிகம். 1975இல் இந்தியாவில் வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி', 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதற்காவது பெயரும் முகவரியும் உண்டு. பயப்பட வேண்டியது லேபல் இல்லாத சின்ன டப்பிகளுக்கு. என் மச்சி ஒருத்தி கல்யாணத்துக்கு முன் அப்படியொரு 'நைட் கிறீம்' போட்டாள். மூன்று கிழமையில் முகம் வெளுத்தது, எல்லோரும் விசாரித்தார்கள். நிறுத்தியதும் கன்னம் சிவந்து எரிந்தது. வெயிலில் நிற்க முடியவில்லை. கிளினிக்கில் ஸ்டெரொயிட் என்றார்கள். இப்படியான டப்பிகள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அது தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் போகும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை உற்பத்தி செய்வதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை தடுக்கிறது. ஆனால் டப்பி உடன்படிக்கை படித்துவிட்டு ஊருக்குள் வருவதில்லை.

மூத்தம்மா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. உடுப்புக்கு வைத்திருந்த சன்லைட் சவர்க்காரத்தையே எங்கள் முதுகிலும் போட்டு, தும்பால் உரசுவா. தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, சவர்க்காரம் காரம். கச்சான் தின்றது போக மிச்சமிருந்த கொழுப்பையும் அது வழித்துப் போட்டுவிடும். பயற்றம்மா தேய்த்துக் குளித்த நாட்கள்தான் நல்ல நாட்கள். எண்ணெயில் அவ தோற்கவில்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரை வைத்து, தேங்காயெண்ணெயையும் மினரல் ஒயிலையும் இரண்டு கிழமை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்த பலன். ஆனால் இப்போது உம்றா போய் வருகிறவர்கள் அன்போடு கொண்டுவரும் ஸெய்த்தூன் எண்ணெய் சாப்பாட்டுக்கு மிக நல்லது, வறண்ட தோலில் தேய்ப்பதற்கு அவ்வளவு நல்லதல்ல. 2013இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் அது தோலின் மேற்படையைப் பலவீனமாக்கியது. இதைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

2022 ஓகஸ்டில் டொலர் இல்லாமல் அரசாங்கம் 300 பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது, வாசனைத் திரவியமும் ஷாம்புவும் மேக்கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஃபேன்சி கடைத் தட்டுகள் வெறிச்சோடின. சில வீடுகளில் எண்ணெய்ப் போத்தல் திரும்பி வந்தது. பிறகு தேங்காய் விலையே ஏறி, எண்ணெயைக் கறிக்கு அளந்து ஊற்றும் நிலை வந்ததால் போத்தல் மறுபடியும் குசினிக்கே போய்விட்டது. விலை நெருக்கினால் வெள்ளைப் பெற்றோலியம் ஜெலி வாங்கலாம். வாசனை இல்லை, ஆடம்பரம் இல்லை, ஈரத்தைப் பூட்டுவதில் எண்ணெயைவிடக் கெட்டி.

எங்கள் பெண்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது தண்ணீர் தோலில் படவேண்டும், ஜெலி தடுத்துவிடுமோ என்று. நாளுக்கு ஐந்து தடவை நனைந்து காய்கிற கையும் காலும்தான் கச்சானில் முதலில் வெடிக்கின்றன என்பதும் உண்மை. நான் இஷா தொழுதுவிட்டுப் பூசுகிறேன். கால் ஈரமாகவே இருக்கும், சுபஹ் வரை பல மணித்தியாலம் கிடைக்கும். மின்விசிறியை நேரே உடம்பில் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். நீரிழிவு உள்ள வாப்பாமார், உம்மாமார் குதிக்கால் வெடிப்பை வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிட வேண்டாம். வெடிப்புக்குள் கிருமி போனால் கால் புண் லேசில் ஆறாது. கிளினிக்கில் காலையும் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் போத்தல் மே மாதக் கடைசியில் குளியலறை ஜன்னலுக்கு வருகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் குசினிக்குப் போய்விடும்.