முத்தடுப்பு ஊசியும் எலியின் மூக்கும்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில், கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். எனக்கோ மனசு முழுக்கக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்தான்! 1907-இல் வெறிநாய்க்கடிக்காகத் தொடங்கிய இடம். பின்னாளில் முத்தடுப்பு ஊசியும் தயாரித்தது.

அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து வேலை செய்யுமா என்று சான்று சொல்வது யார் தெரியுமா? வெள்ளை எலி! அமெரிக்காவின் பேர்ல் கெண்ட்ரிக் 1947-இல் வகுத்த சோதனை அது. எலிக்கு ஊசி போட்டு, 14 நாள் கழித்துக் கிருமியை நேரே மூளைக்குள் செலுத்தி, மேலும் 14 நாள் பார்ப்பார்கள். கொடுமைதான். எத்தனை பிழைக்கின்றன என்பதே மருந்தின் வீரியம்.

சரி, தடுப்பூசி போட்ட எலிக்குள் காவல் காப்பது யார்? அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கிங்ஸ்டன் மில்ஸ் குழு இதைத்தான் துருவியது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒருவகைதான் டி செல். நுரையீரலில் ரத்தத்தோடு வந்துபோகும் டி செல்லும் உண்டு, திசுவிலேயே தங்கிவிட்ட டி செல்லும் உண்டு. பிரிப்பது எப்படி? அந்த வித்தையைப் படித்தபோது துள்ளிக் குதிக்காத குறை! எலியின் உயிரைப் போக்கச் சில நிமிடம் முன்பு, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் மிதப்பவை சாயம் பூசிக்கொள்ளும். திசுவுக்குள் இருப்பவற்றை அது எட்டாது. பிறகு செல்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓட விட்டால், சாயம் படாமல் வருவதுதான் குடியிருப்புக்காரர். ஊட்டி போகிற கூட்டம் அலைமோதும் நம் பஸ் ஸ்டாண்டில் உள்ளூர்க்காரரை அடையாளம் காண்கிற மாதிரி!

2019-இல் வந்த முடிவு இன்னும் அபாரம். கிருமியை முழுசாகக் கொன்று செய்த தடுப்பூசி பெற்ற எலிகளின் நுரையீரலிலும் மூக்கிலும் இந்தக் குடியிருப்பு டி செல்கள் நிலைத்திருந்தன. மூக்கில் இறங்கிய கிருமியையும் விரட்டின. கிருமியின் சில புரதங்களை மட்டும் வைத்துச் செய்த தடுப்பூசி நுரையீரலைக் காத்தது. மூக்கில் கிருமி தங்குவதைத் தடுக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை வயசிலும் ஐந்து வயசிலும் போடுகிறார்களே, காய்ச்சல் வரவைக்கும் ஊசி, அது முதல் வகை. தனியார் மருத்துவமனையின் ‘வலியில்லா ஊசி’ இரண்டாவது. குழந்தையைக் கடும் நோயிலிருந்து இரண்டுமே காக்கும். ஆனாலும் ராத்திரி முழுக்க ஈரத்துணியோடு விழித்திருக்கும் அம்மாக்களிடம் இந்த மூக்குக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் எனக்கு!

இதற்குள் பிரான்சின் லில் நகரப் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் உருவான, ஊசியே இல்லாமல் மூக்கில் விடும் கக்குவான் தடுப்பு மருந்து, எலிகளைத் தாண்டி மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டுவிட்டது.